அம்மாவின் மூக்கு

2024ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், ஊரிலுள்ள எங்கள் வீட்டின் படுக்கையறையோடு ஒட்டியிருந்த குளியலறையை இடித்தோம். 'வீட்டுக்கொரு கழிப்பறை' என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்திருக்கும் ஒரு பகுதியில், நன்றாக நின்றுகொண்டிருந்த ஒன்றைக் கூலி கொடுத்து இடிப்பது ஊராருக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, "என்ன வாத்தியார் மகனே, வாஸ்துவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையான காரணத்தை விளக்குவதைவிட அது எளிதாக இருந்தது. அவரிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில், இண்டூரைத் தாண்டிக் கிளைபிரியும் ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம். கேழ்வரகு, நிலக்கடலை, வரப்போரம் புளியமரங்கள். அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். சேமித்த பணத்தில் 1974இல் அவர் கட்டிய வீட்டில் ஒரு கூடம், இரண்டு அறைகள், தெற்கே நீண்ட தாழ்வாரம். கிழக்கு அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. வேப்பமரச் சட்டம், நிமிர்ந்த இரும்புக் கம்பிகள். அம்மா விடியற்காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் திறப்பாள். மாட்டுக் கொட்டகையும் அதற்கு அப்பால் சாலையும் தெரியும். முதல் பேருந்தின் விளக்கு திருப்பத்தில் தெரிந்தால் மணி ஐந்தே கால் என்று அவளுக்குக் கணக்கு.

கழிப்பறை என்று எதுவும் அந்த வீட்டில் அப்போது இல்லை. எங்கள் பக்கத்தில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் அல்ல, புன்செய் நிலம். 'கொல்லைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்றால் களையெடுக்கப் போவதாகவும் இருக்கலாம், மற்றதற்காகவும் இருக்கலாம். வெளிக்குப் போதல், ஒதுங்குதல் என்று அதைக் குறிக்க நம்மிடம் புழங்கிய சொற்கள் எல்லாமே வீட்டிலிருந்து விலகிச் செல்வதைச் சொல்பவை. இதையெல்லாம் ஏக்கத்தோடு எழுதவில்லை. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் பெண்கள். மழைக்காலத்தில் கையில் அரிக்கேன் விளக்கோடு அக்காவுக்குத் துணையாக வரப்பில் திரும்பி நின்ற இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அக்கா வயதுக்கு வந்தபின், 1986இல், வீட்டின் மேற்கே ஏறத்தாழ நாற்பதடி தள்ளி அப்பா ஒரு கழிப்பறை கட்டினார். பக்கத்திலேயே செப்டிக் டேங்க். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. தள்ளியும் இருந்தது, கதவும் இருந்தது.

கிழக்கு அறையோடு குளியலறையை ஒட்டவைத்தவன் நான். 1997இல் எனக்குத் திருமணம் நிச்சயமானது. பெண் சேலம் நகரத்தவர். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு எல்லாம் திருப்தி என்றார்கள். விடைபெறும்போது பெரியவர் ஒருவர் மட்டும், "அட்டாச்டு பாத்ரூம் வச்சுட்டீங்கன்னா பொண்ணுக்குக் கொஞ்சம் சௌகரியமா இருக்கும்" என்றார். அது நியாயமான பேச்சு. ஆனால் என் காதில் அது கிராமத்தானைப் பார்த்துச் சொன்ன சொல்லாக விழுந்தது. நாற்பது நாளில் கட்டிமுடித்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அறையில் வெளிப்பக்கமாகச் சேர்க்கக்கூடிய சுவர் கிழக்குச் சுவர் ஒன்றுதான். ஜன்னலைப் பெயர்த்து அந்த இடத்தைக் கதவாக்கி, அதற்கு வெளியே ஆறடிக்கு நான்கடியில் ஓர் அறை எழுப்பினோம். மணமக்களுக்காக அப்பாவும் அம்மாவும் அறையைக் காலி செய்துகொடுத்தார்கள். ஜன்னலை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கட்டியது தருமபுரியிலிருந்து வந்த ஒரு ஒப்பந்தக்காரர். கழிவுக் குழாயை ஏற்கெனவே இருந்த செப்டிக் டேங்கோடு இணைத்துவிட்டால் செலவு மிச்சம் என்றார். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓர் அடி சரிவு வேண்டும். தொட்டியின் வாயோ மேலே இருந்தது. ஆகவே தொட்டியைத் தாழ்த்துவதற்குப் பதில் குளியலறையின் தரையை ஓர் அடி உயர்த்தினார். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குள் போக ஓர் அடி உயரப் படி ஏறவேண்டும். இருபத்தேழு வயதுக்காரனுக்கு ஓர் அடி ஒரு உயரமே அல்ல.

நாங்கள் அங்கே இருந்த முதல் வாரத்திலேயே அம்மா சொன்னாள்: "அந்த ரூமுல நாத்தம் வருதுப்பா. அழுகுன முட்டை மாதிரி."

அறைக்குள் எட்டிப்பார்த்து மூச்சை இழுத்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா தொடர்ந்து, "சாமி படம் மாட்டுன செவுரு. அந்தப் பக்கம் கக்கூஸ வெக்கலாமா?" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்குக் கேட்டது. முதல் வாக்கியத்தை அதோடு சேர்த்துக் கட்டி, ஆசாரம் என்ற மூட்டையில் போட்டுவிட்டேன். அன்று மாலை மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அம்மாவோட மூக்குக்கு ஆச்சாரம் அதிகம்." அது வீட்டில் ஒரு வழக்காகிப்போனது. ஊதுவத்தி ஏற்றினோம், பினாயில் ஊற்றினோம், மூலையில் பாச்சா உருண்டை போட்டோம். அம்மா அதன்பின் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் முந்தானையை மூக்கருகே கொண்டுபோவதை மட்டும் நிறுத்தவில்லை. மருமகளை அவமதிப்பதற்காகச் செய்கிறாள் என்று ஒருமுறை பெரிய சண்டையே வந்தது.

2001இல் வேலை நிமித்தம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தோம். அறை மறுபடி பெற்றோருக்கு வந்தது. அப்பா கட்டிலில் படுத்தார். அம்மா கூடத்தில் பாய் விரித்தாள். 2009இல் அப்பா காலமான பிறகும் அவள் கூடத்தில்தான் படுத்தாள். அவர் இல்லாத அறையில் படுக்க மனமில்லை என்று உறவினர்களிடம் நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்கலங்கியிருக்கிறார்கள். அம்மா அதை மறுக்கவில்லை. விடுமுறைக்குப் போகும்போது மட்டும், சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "அந்தக் கக்கூஸ எடுத்துட்டு ஜன்னல வெச்சுக் குடுத்துடு சாமி" என்பாள். சரி என்பேன். அடுத்த விடுமுறையில் மறுபடி சொல்வாள்.

இதற்கிடையில் அவளுடைய முழங்கால்கள் இறுகிக்கொண்டே வந்தன. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் நிற்பது பாறையின்மேல். அந்தப் பாறையில் உள்ள ஃபுளோரைடு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. கிணறு வற்றி ஆழ்துளைக்குப் போனபோது, பாறை இடுக்குகளில் நெடுநாள் தேங்கிய நீரைத் தேடித்தான் போனோம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறும். பெரியவர்களின் எலும்பும் மூட்டும் கெட்டிப்படும். வெளியூரில் நாங்கள் வாயைத் திறந்து சிரித்தால் ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டியதில்லை என்று கல்லூரியில் வேடிக்கையாகச் சொல்வோம்.

2005 வாக்கில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு மருத்துவர் அம்மாவை மூன்று காரியங்கள் செய்யச் சொன்னார். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். முகவாயால் நெஞ்சைத் தொட வேண்டும். கைகளை நீட்டி மடக்கிப் பிடரியைத் தொட வேண்டும். குழந்தை விளையாட்டு போலத் தோன்றும் இந்த மூன்றும் எலும்புப் பாதிப்பைச் சந்தேகிக்க உதவும் எளிய சோதனைகள். அம்மாவால் மூன்றாவதை மட்டும் பாதி செய்ய முடிந்தது. மருத்துவர் எழுதிக்கொண்டார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியில் வேலை நடந்து 2013 மே மாதத்தில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பின் எங்கள் தெருக் குழாயிலும் காவிரி வந்தது. அம்மா முதல் குடத்தைச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டுத்தான் உலையில் ஊற்றினாள். ஆனால் நாற்பது ஆண்டுகளாக எலும்பில் சேர்ந்தது இறங்கிவிடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார அவளால் முடியாது. நான் கட்டிய குளியலறையில் இருந்ததோ தரையோடு பதித்த கோப்பை. அதற்கு முன்னால் ஓர் அடிப் படி. வெளியே நாற்பதடி தள்ளியிருந்த அப்பாவின் கழிப்பறையில், ஆசாரியிடம் சொல்லி நடுவில் ஓட்டை போட்ட மர நாற்காலி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டாள். எழுபத்தைந்து வயதுவரை இரவிலும் அங்கேதான் நடந்தாள். கையில் இப்போது அரிக்கேன் இல்லை, டார்ச் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 மார்கழியில் பனி ஈரத்தில் தாழ்வாரப் படியில் சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பு தப்பியதே பெரிது என்றார் மருத்துவர். கழிப்பறை படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்றும் சொன்னார். நான் உற்சாகமானேன். அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறதே! கோப்பையை மாற்றி, சுவரில் கைப்பிடி வைத்து, டைல்ஸைப் புதிதாக ஒட்டினால் போதும். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது சரிதான் என்று காலம் நிரூபித்துவிட்டதாகக்கூட உள்ளுக்குள் எண்ணினேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "அத இடிச்சுடு."

"ம்மா, இப்பத்தாம்மா அது வேணும்."

"கிட்ட இருக்கட்டும். ரூமுக்குள்ள வேணாம். நாத்தத்துல படுத்துக்கினு உசுரோட இருக்கறதுக்கு, நான் கூடத்துலயே கெடக்கறேன்."

கோபம் வந்தது. கத்திவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். பிடிவாதம், ஆசாரம், ஊர்ப்புத்தி என்றெல்லாம் என் வாயிலிருந்து வந்தன. அவள் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு, தற்செயலாக என்று சொல்லமாட்டேன், தூக்கம் வராமல்தான், ஒரு புத்தகம் நினைவுக்கு வந்தது. ஜப்பானிய எழுத்தாளர் ஜுனிச்சிரோ தானிசாகி 1933இல் நிழலின் அழகைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். நம் நண்பர்கள் பலர் படித்திருப்பார்கள். புது வீடு கட்டுகிறவனின் தொல்லைகளில் ஆரம்பிக்கும் அது, சீக்கிரமே கழிப்பறைக்கு வந்துவிடும். பழைய ஜப்பானிய வீடுகளில் கழிப்பறை பிரதான கட்டடத்திலிருந்து விலகி, மரஞ்செடிகளுக்கிடையே, ஒரு நடைவழியின் முடிவில் இருப்பதை அவர் அத்தனை காதலோடு வர்ணிப்பார். நவீன வெள்ளைப் பீங்கான் வீட்டுக்குள் நுழைவதைக் கண்டு அங்கலாய்ப்பார். அந்தப் பக்கங்களை ஓசூரில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் சிலாகித்துப் பேசியிருக்கிறேன். கழிப்பறையை எங்கே வைப்பது என்பது ஒரு பண்பாட்டின் நுண்ணுணர்வு என்று முழங்கியிருக்கிறேன். அதே மாதத்தில் ஊருக்குப் போனபோது அம்மா வழக்கமான வாக்கியத்தைச் சொல்லியிருப்பாள். நான் சரி என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்திருப்பேன்.

மறுநாள் சமரசத்துக்கு வந்தோம். புதிய கழிப்பறை முதலில், இடிப்பது பிறகு. தெற்குத் தாழ்வாரத்தின் மேற்குக் கோடியில் இடம் பார்த்தோம். கிழக்கு அறைக் கட்டிலிலிருந்து பதினாறு எட்டு. வழி முழுக்கக் கூரை உண்டு. செப்டிக் டேங்கும் அருகில் என்பதால் தரையை உயர்த்தத் தேவையில்லை. இம்முறை அவசரப்படாமல் நானே உடன் நின்றேன். வாசலில் படியோ நிலைச்சட்டமோ இல்லாமல் தாழ்வாரத் தரையும் உள்தரையும் ஒரே மட்டம். கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார் என்பதால் அப்படி. பதினெட்டு அங்குல உயரத்தில் உட்காரும் கோப்பை, எழும்போது பிடித்துக்கொள்ள இரு பக்கமும் கம்பி, சொரசொரப்பான தரை, தாழிடாமலே சாத்திக்கொள்ளும்படி ஒரு கொக்கி. கழிவுக் குழாயிலிருந்து காற்றுக்குழாய் ஒன்றைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் முனையில் கொசுவலை கட்டினோம். கொத்தனார் இளைஞர், வேலை தெரிந்தவர். அம்மாவை 'ஆயா' என்று கூப்பிட்டு, ஒவ்வொரு கம்பியையும் பொருத்துமுன் அவளை உட்காரவைத்துக் கை எட்டும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டார். 1997இல் யாரும் அவளிடம் எதையும் கேட்டு அளந்ததில்லை.

பழைய இணைப்பை அறுப்பதற்குமுன் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. உறிஞ்சு லாரியோடு ஓட்டுநரும் ஓர் உதவியாளும் வந்தார்கள். தொட்டி மூடியைத் திறந்துவிட்டு வெகுநேரம் தள்ளியே நின்றார்கள். நான் அருகில் போனபோது ஓட்டுநர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நாத்தம் அடிச்சாக்கூட பரவால்ல சார். அடிச்சுக்கினே இருந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா அப்பத்தான் ஓடணும். வாயு ஜாஸ்தியான மூக்கு செத்துடும்."

அவர் சொன்னது முழு உண்மை. செப்டிக் டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகும்போது முகரும் நரம்பையே செயலிழக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குகிறவர் திரும்பி ஏறுவதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும், அதைவிட விரிவான சட்டம் 2013இலும் வந்தன. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்த்தப்படுகிறது என்பதே இறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. வேலையைப் பற்றிக் கேட்டபோது ஓட்டுநர் தன் சித்தப்பா ஒருவரைப் பற்றிப் பாதி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வேலை முடிந்ததும் தண்ணீர் கேட்டார்கள். நான் காரிலிருந்து இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்து வந்தேன். சுகாதாரம் என்றுதான் என் மனம் எனக்குச் சொல்லியது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பார்த்தாள். "வூட்டுல டம்ளர் இல்லையா?" என்றாள். அவர்களைச் சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லி, நாங்கள் தினமும் குடிக்கும் எவர்சில்வர் டம்ளர்களில் மோர் கொடுக்கவைத்தாள். இதை எழுதுவது அம்மாவைப் புனிதப்படுத்த அல்ல. அவளுக்கும் அவளுடைய தீட்டுக் கணக்குகள் உண்டு. சாமி படத்துச் சுவர் விஷயத்தில் கடைசிவரை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆசாரம் பார்க்கிறவள் என்று அவளைப் பழித்த நான் அந்தக் காகிதக் கோப்பைகளை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

மறுநாள் இடிப்பு. முதலில் டைல்ஸ். பிறகு கோப்பை. மூன்றாம் நாள் காலை கொத்தனார் குளியலறை மூலையில் நீர் வடியும் இடத்தை உளியால் பெயர்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், இங்க நானி டிராப்பே இல்ல."

வெளியே தெரிந்த ஓட்டைத் தகட்டின்கீழ் ஒரு வளைவு இருந்திருக்க வேண்டும். அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாயிலிருந்து மேலேறும் வாயுவுக்கு அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான் கதவு. எங்கள் குளியலறையில் அந்த வளைவே வைக்கப்படவில்லை. தகட்டின்கீழ் ஒரு நேர்க்குழாய். அது நேராகக் கழிவுக் குழாயில் சேர்ந்தது. கழிவுக் குழாயின் மறுமுனை செப்டிக் டேங்கில். காற்றுக்குழாயும் வைக்கவில்லை. ஆக, தொட்டியின் வாயு வெளியேற இருந்த ஒழுங்கான ஒரே வழி எங்கள் படுக்கையறை. நாங்கள் ஓசூருக்குப் போனபின் கோப்பையின் வளைவில் இருந்த நீரும் புழக்கமில்லாமல் ஒவ்வொரு கோடையிலும் வற்றியிருக்கும். அப்போது வழி இரண்டாகியிருக்கும்.

1596இல் எலிசபெத் ராணியின் அவையைச் சேர்ந்த ஜான் ஹாரிங்டன் என்பவர் தண்ணீர் பாய்ச்சும் கழிப்பறை ஒன்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ராணிக்கும் ஒன்று அமைத்துக்கொடுத்தார். அதில் நீர் தேங்கும் வளைவு கிடையாது. லண்டனில் இருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775இல்தான் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக்குள் கழிப்பறையை வைத்துக்கொண்டு மனிதர் தூங்க முடிந்தது அந்த வளைவால்தான். 1997இல் நவீனமாகிறேன் என்று நான் வீட்டுக்குள் கொண்டுவந்தது 1596ஆம் ஆண்டை.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டுக்கொண்டேன். ஒரு வாசனையில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகி, சொல்வதை நிறுத்திவிடும். அறைக்குள் வாழ்ந்த எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே வருகிற அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்தது. அவள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனதற்கு அதைத்தவிர வேறு பொருள் இருந்திருக்கவில்லை. அப்பாவின் அறையில் அவள் படுக்காமல் இருந்ததற்கும். அந்த அறையில் அப்பா கடைசி எட்டு வருடங்கள் தூங்கினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சரியாக மூச்சு வருவதில்லை. அதனால் அவருக்கு எதுவும் நேர்ந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. அவர் போனது மாரடைப்பில். ஆனாலும்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். குழாய் வளைவு, தண்ணீர், வாயு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதான் நாத்தம் வருதுன்னு சொன்னேனே" என்றாள். அதில் வெற்றியும் இல்லை, குத்தலும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கொத்தனாருக்கு டீ போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் சுவர்கள் போய், கிழக்குப் பக்கத்தில் கதவளவு ஓட்டை மட்டும் நின்றது. தொட்டிப் பக்கம் குழாய் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. கீழ்ப்பாதியைச் செங்கல் கட்டி மூடிவிட்டு மேலே அலுமினிய ஜன்னல் வாங்கி வைத்துவிடலாம் என்று கொத்தனாரிடம் அளவு எடுக்கச் சொன்னேன். அம்மா, "ஜன்னல் இருக்குதே" என்றாள். மாட்டுக் கொட்டகைப் பரணைக் கைகாட்டினாள். மாடுகள் போய்ப் பத்து வருடமாகிறது. ஏணி வைத்து ஏறிப்பார்த்தால், கோணிச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி, பழைய வேப்பமர ஜன்னல் இருந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. மற்றபடி வேம்பு வேம்பாகவே இருந்தது. வருடத்துக்கொரு முறை ஆள் பிடித்து இறக்கி, வேப்பெண்ணெய் தடவி, மறுபடி ஏற்றிவைத்திருக்கிறாள். இருபத்தேழு வருடம். எந்த விடுமுறையில் நான் சரி என்று சொன்னதை உண்மையாகவே நிறைவேற்றிவிடுவேனோ என்று தயாராக இருந்திருக்கிறாள்.

ஆசாரி கரையான் தின்ற மூலையை அறுத்தெடுத்து ஒட்டுப்போட்டார். புதுக் கட்டை வெளிறித் தெரிகிறது. வண்ணம் பூசி மறைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அம்மா இப்போது கிழக்கு அறையில், கட்டிலில் படுக்கிறாள். இரவில் எழுந்தால் தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினாறு எட்டு நடக்கிறாள். பதினாறு எட்டும் தூரம்தான், மழைநாளில் சிரமம்தான். பக்கத்தில் இருந்தால் நல்லது என்று இன்னமும் எனக்குத் தோன்றும். சொல்வதில்லை. சென்ற முறை ஊரில் தங்கியிருந்தபோது விடிகாலையில் அவள் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். முதல் பேருந்து இப்போது அந்த நேரத்தில் வருவதில்லை. எத்தனை மணி இருக்கும்மா என்று கேட்டேன். வெளியே பார்த்தபடி, "அஞ்சேகால் இருக்கும், படுத்துக்கோ" என்றாள்.